விக்கல் இல்லாத பாட்டு

ஒரே ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்செட் அது. கறுப்பாக ஒரு வட்டம், அதைத் தலையோடு பிடித்து வைக்க ஒரு ஸ்டீல் பட்டை, நூல் சுற்றிய நீள ஒயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்டதை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, டிபன் பைக்குள் சுருட்டி வைத்து ராயபுரத்துக்குக் கொண்டுவந்தாள் அங்கே ஆபரேட்டராக இருந்த என் தங்கை, உங்கள் அத்தை. என் கையில் கொடுத்து, "ண்ணா, இதுல ஒயர வச்சிக் குடு. ஒரு காதுல அடுத்து வர்ற பாட்ட கேட்டுகினே இன்னொரு காதுல ஓடுற பாட்டயும் கேக்கணும்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ரெண்டு காதுல ரெண்டு பாட்டு கேட்டா பைத்தியம் புடிச்சிரும்" என்றேன். "நான் டெய்லி எட்டு மணி நேரம் அப்படித்தான் கீறேன், எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிச்சி?" என்று கேட்டாள்.

உங்களுக்கு அத்தையைக் காலில் வலியோடு, கையில் மருந்துப் பெட்டியோடு மட்டும்தான் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷினில் எனக்கு வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மைக் செட் வைத்திருந்தேன். ஒரு ஆம்ப்ளிபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரிகார்டு பிளேயர், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதற்கும் போவேன். அப்போது உங்கள் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் அம்மா போய்ப் பெண் கேட்டார். உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க். அதைவிட முக்கியம், அவர் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர். பாட்டுப் பாடுகிறவர்கள் மூச்சு விடுகிற இடம் தப்பினாலே திரும்பிப் பார்த்து முறைக்கிறவர். அவருக்கு மைக் செட்காரர்கள் என்றால் ஆகாது. ஒரு பாட்டு முடிந்து ரிகார்டை மாற்றும்வரை குழாயில் கொர்ரென்று சத்தம் வரும், ஊசி கிறீச்சிடும், சும்மா இருக்கப் பிடிக்காமல் நாங்கள் வேறு "ஹலோ, ஹலோ" என்போம்.

"பாட்டா அது? விக்கல் வந்தவன் பாடுற மாரி கீது" என்று எங்கள் அம்மாவிடம் சொன்னாராம். "மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். ரிசப்ஷனுக்கு உம் பையனே வந்து போடட்டும். அன்னிக்கி ஒரு விக்கல் இல்லாம நடத்திட்டான்னா, அப்பறம் சின்னவளப் பத்திப் பேசலாம்." விக்கல் வந்தால் பேச்சே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு மாதம் இருந்தது. இன்னொரு பிளேயர் வாங்கினால் ஒன்று ஓடி முடிவதற்குள் மற்றதை ஓட்டிவிடலாம் என்பது வரைக்கும் என் புத்திக்கு எட்டியது. பாரிமுனைப் பக்கம், கப்பலில் இருந்து இறங்கும் பழைய சாமான்கள் விற்கும் பாய் ஒருவர் கடைக்கு அத்தையும் கூட வந்தாள். நான் பார்த்த மாத்திரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பளபளவென்று மூடி, ஆறு ரிகார்டை அடுக்கினால் தானே ஒவ்வொன்றாக விழும், ஊசிக் கம்பி தானே எழுந்து தானே உட்காரும். அத்தை அதைத் தொடவே இல்லை. மூலையில் தூசியோடு கிடந்த கனமான ஒரு பிளேயரின் தட்டைக் கையால் சுற்றிவிட்டு எத்தனை சுற்று சுற்றி நிற்கிறது என்று எண்ணினாள். இன்னொன்றைச் சுற்றினாள். மறுபடி முதல் தட்டுக்கே வந்தாள். பாய் சிரித்துவிட்டார். "இன்னா தங்கச்சி, ரிகார்டு பிளேயர் வாங்க வந்தியா, ரங்கராட்டினம் வாங்க வந்தியா?" அத்தை விடவில்லை. "அது தானா எல்லாம் பண்ணுதே பாய், அப்ப என் கைக்கு இன்னா வேல? கைய வச்சா நிக்காம சுத்தற தட்டு ஒண்ணு குடுங்க." கனமான அந்தப் பிளேயரைத்தான் வாங்கினோம். என்னிடம் இருந்த இலேசானதையும் அதே கடையில் கொடுத்து, அதற்கு ஜோடியாக இன்னொரு கனத்த தட்டை மாற்றிக்கொண்டோம். பளபளப்பை விட்டுவிட்டு வந்த வருத்தம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

இரண்டு பாட்டையும் கலக்குவதற்கு ஒரு பெட்டி வேண்டும். பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, சத்தத்தை ஏற்றி இறக்க இரண்டு குமிழ் பொருத்தி, நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு குமிழ்; அதை மூடினாலும் ஹெட்செட்டில் மட்டும் பாட்டு கேட்கும். அங்கேதான் தப்பு செய்தேன். டின்னைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாகப் பற்றவைத்ததால், இடது பிளேயருக்கு வலது குமிழ், வலது பிளேயருக்கு இடது குமிழ் என்று ஆகிவிட்டது. "மாத்திடுண்ணா" என்றாள் அத்தை. "நமக்குத்தான் தெரியுமே, பழகிடும்" என்றேன். வேலை தெரிந்தவன் சொல்கிற சோம்பேறிப் பேச்சு இது. உங்களில் யாரும் இதைச் சொல்லாதீர்கள்.

பழகும் விதத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். பழைய பாவாடையில் இருந்து சாட்டின் துணியை வட்டமாக வெட்டித் தட்டின்மேல் விரித்தாள். அதன்மேல் ரிகார்டை வைத்து விரலால் பிடித்தால் அடியில் தட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், ரிகார்டு நிற்கும். ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே ரிகார்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாட்டின் முதல் அடியைப் பிடித்து, அந்த இடத்தில் லேபிளில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். ஓடுகிற பாட்டின் தாளம் வந்து விழும்போது விரலை எடுப்பாள். ஒரு குமிழ் இறங்கும், ஒரு குமிழ் ஏறும். எந்தப் பாட்டோடு எது சேரும் என்பதற்கு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி உறையில் பென்சிலால் எழுதினாள். கொஞ்சம் வேகமான பாட்டென்றால் தட்டின் ஓரத்தை விரல் நுனியால் தடவி மட்டுப்படுத்துவாள். வெளியூர் ட்ரங்க் காலுக்கு மூன்று நிமிடம் எண்ணிப் பழகியவள் என்பதால், பாட்டு முடியப் போவது அவளுக்கு உடம்பிலேயே தெரிந்தது. நான் செய்தால் இரண்டு பாட்டும் சந்தைக் கடையில் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். பழகியே இரண்டு ரிகார்டைத் தேய்த்துத் தீர்த்தோம்.

ரிசப்ஷன் கோயில் பக்கத்து மண்டபத்தில், மாலை நேரம். மாப்பிள்ளை வீட்டார் பெரம்பூர் ரயில்வேக்காரர்கள், நன்றாக ஆடுகிறவர்கள். அத்தை பிளேயர்களுக்கு முன்னால் உட்கார்ந்ததும், "பொம்பளப் புள்ளைக்கு மிஷினாண்ட இன்னா வேல?" என்று ஒருவர் கேட்டார். "உக்காந்துகினு கீது, வேற இன்னா?" என்றார் இன்னொருவர். முதல் பாட்டு இரண்டாவதுக்குள் போனபோது ஆடியவர்கள் கால் நிற்கவில்லை. மூன்றாவதுக்கும் நிற்கவில்லை. கேள்வி கேட்டவரே ஆடிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஒரு விக்கல் இல்லை. உங்கள் தாத்தா தூணருகில் தலையைச் சாய்த்து நிற்பதைப் பார்த்தேன். பாதி பிழைத்தோம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு முன் தாத்தா ஜெபம் சொல்ல வேண்டும். இடது பிளேயரில் பாட்டு முடிந்தது; அடுத்த பாட்டுக்காக அத்தை வலது பிளேயரின் குமிழையும் ஏற்றி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மணப்பெண் போட்டோவுக்கு அத்தையை அழைத்தாள். "அடுத்த பாட்ட வலதுல புடிச்சி வைண்ணா. ஆமென்னதும் நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வலது பிளேயரின் குமிழை மூட வேண்டும், அது இடது குமிழ். பதற்றத்தில் கை நேராக வலதுக்குப் போய் அதை மூடியது. திறந்த குமிழ் திறந்தபடியே இருந்தது. தாத்தா கண்ணை மூடி, மைக்கில் தொடங்கினார். நான் ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டி, நன்றாகக் கேட்கட்டும் என்று மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, ஊசியை வைத்து ரிகார்டை முன்னும் பின்னும் இழுத்தேன். முதல் அடி சிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மண்டபமே என்னைப் பார்க்கிறது.

காதிலிருந்து விரலை எடுத்தேன். வூய்க், வூய்க் என்று கோழியைப் பிடித்து அழுத்துகிற சத்தம் இரண்டு குழாயிலும் வந்துகொண்டிருந்தது. என் கை ரிகார்டின்மேலேயே இருந்தது. அத்தை ஓடிவந்து இடது குமிழை மூடினாள், ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். உங்கள் அம்மா பந்தி ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. அதே குரலில் சொன்னார்: "ஆண்டவரே, எங்களைச் சூழ்ந்திருக்கும் இரைச்சல்களில் இருந்தும் எங்களை இரட்சித்தருளும்." மண்டபம் சிரித்துக்கொண்டே "ஆமென்" என்றது. அந்த ஆமெனின் கடைசி எழுத்தின்மேல் அத்தை ஒரு கையால் இடது குமிழைத் திறந்து, மறு கை விரலை எடுத்தாள். பாட்டு சுத்தமாக, முதல் அடியில் இருந்து எழுந்தது.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் அவர் எங்களிடம் வந்தார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பாட்ட ஒட்டுனது யாரு?"

"என் தங்கச்சி."

"அந்தக் கோழி?"

"அது நான்."

பிஸ்கட் டின்னைப் பார்த்தார். அத்தை முந்திக்கொண்டு, குமிழ்கள் இடம் மாறியிருப்பதைச் சொல்லிவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் மாத்தலயா?" என்றார். இல்லை என்றேன். "வூட்டுக்குப் போனதும் மொதல்ல அத மாத்து. ஞாயித்துக்கிழம ரெண்டாம் பூசை முடிஞ்சதும் அம்மாவ இட்டுகினு வா."

அவர் போனபின் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கின இடம் வலித்தது. "இன்னாண்ணா, அழுவுறியா?" என்றாள் அத்தை. தூசி என்றேன். "ஆமா, ஒயர்ல தூசி ஜாஸ்திதான்" என்று மீதி ஒயரை அவளே சுற்றினாள்.

அன்றிரவே குமிழ்களை மாற்றிப் பற்றவைத்தேன். இப்போது கம்ப்யூட்டரே பாட்டைச் சேர்த்துவிடும், விரலே வேண்டாம் என்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் வீட்டில் யாராவது ஜெபம் சொல்ல எழுந்து நின்றால் என் இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்தி என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் அம்மா மட்டும் கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.