பச்சை மூஞ்சி

அண்ணனுடைய செல்போனில் மூன்று மூஞ்சிகள் இருந்தன. பச்சை சிரிக்கும், மஞ்சள் உம்மென்று இருக்கும், சிவப்பு அழும். காலையில் நடக்கக் கிளம்பும் முன், "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று அது கேட்கும். அண்ணன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பச்சையை அமுத்துவார். அந்தப் பச்சை மூஞ்சியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதய ஆபரேஷன் முடிந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊர் வடகரப்பதிக்கு அனுப்பும்போதே சொல்லிவிட்டார்கள்: உடற்பயிற்சிக்காக வாளையார் செக்போஸ்ட் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்துபோக வேண்டாம், எல்லாம் இந்த ஆப் பார்த்துக்கொள்ளும். நர்ஸ் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பச்சையை அமுத்தினால் நடக்கும் தூரம் கூடும். நெஞ்சு வலித்துச் சிவப்பை அமுத்தினால் நடையை நிறுத்தச் சொல்லி அவர்களே கூப்பிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் அண்ணனைத் தெரியாதவர்கள் செய்த ஏற்பாடு அது.

சின்ன வயதில் மாடு மிதித்து அவர் கால்விரல் நசுங்கிய அன்றைக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளி "எப்படி சாமி இருக்கறே?" என்று கேட்டார். ரத்தம் சொட்டிய காலைப் பின்னால் மறைத்துக்கொண்டு "நல்லாருக்கறனுங்க" என்றவர் அண்ணன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். விசாரித்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. இந்த லட்சணத்தில் எங்களிடம் ஒரு மெஷினை விட்டு நலம் விசாரிக்கிறார்களாம்.

ஒருநாள் தென்னந்தோப்பு வரப்பில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டேன். தூரம் கூடக் கூட வலியும் கூடியிருக்கிறது, மனுஷன் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து சத்தம் போட்டேன்.

"வலிக்குதுன்னு அமுத்தறதுக்கு என்னங்கண்ணா கேடு?"

"அந்தப் புள்ள தெனமும் அக்கறையாக் கேக்குது அம்மிணி. காலங்காத்தால வலிக்குதுன்னு சொன்னா அதுக்கு மனசு சங்கடமாப் போயிராதா?"

"கேக்கறது புள்ளயில்லீங்க, மிசினு."

"ஆரு கேட்டா என்ன, மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். நாளைக்குச் சிவப்பை அமுத்துகிறேன், அவர்களே கூப்பிடுவார்கள் என்று சமாதானம் சொன்னார். மறுநாள் அதே வரப்பில் விழுந்து கிடந்தார். சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் பச்சைதான்.

முகத்தைப் பார்க்காமல் பொம்மை மூஞ்சியை நம்பியவர்கள் மேல் எனக்கு ஆத்திரம். முறை முறை என்று உயிரையே விட்ட மனுஷன் மேல் அதைவிட ஆத்திரம்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, அலமாரியிலிருந்த போன் வழக்கம்போலக் கேட்டது: "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" சிவப்பு மூஞ்சியை ஓங்கிக் குத்தினேன். காபி ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நர்ஸ் பெண்தான். அவளைக் கேட்பதற்கென்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது.

"நெஞ்சு வலின்னு அழுத்தியிருக்கீங்களே, எப்படி இருக்கீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"நல்லாருக்கறமுங்க" என்றேன்.