தங்கராசு சொன்ன பிரேக் ஹோஸ்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனாலும் அறுபதுகளில் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் எந்த ஜீப் படுத்தாலும் என் ஷெட்டுக்குத்தான் வரும். எதிரே தங்கராசு ஷெட் போடும்வரை அப்படித்தான் இருந்தது. கோயமுத்தூரில் வேலை பழகியவன். காக்கிச் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. இங்கிலீஷ் மேனுவலைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வான். அவன் பக்கம் ஒரு வண்டி திரும்பினால் எனக்குச் சோறு இறங்காது.

பனியன் கம்பெனி முதலாளி ரங்கசாமியிடம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப் இருந்தது. அவருடைய தோட்டம் அவிநாசிபாளையத்துக்குப் பக்கம். மழை பெய்தால் வழியிலுள்ள ஓடையில் வண்டி வயிறு தட்டி நின்றுவிடும். வண்டியை மூன்று அங்குலம் தூக்கிப் பெரிய டயர் போட வேண்டும் என்றார். வேலையை நன்றாகச் செய்கிறவனுக்குக் கம்பெனி லாரி இரண்டும் ரிப்பேருக்கு வரும் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார்.

தங்கராசு எட்டு நாள் கேட்டான்.

"எட்டு நாளா? ஜீப்புக்குப் பிரசவமா பாக்கறான்? நான் மூணே நாள்ல தர்றனுங்க" என்றேன். வேலை எனக்கு வந்தது.

ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு பட்டை கூட்டினேன். ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு கோக்கிற ஷேக்கிளை நீளமாக அடித்துப் போட்டேன். அறுநூறு-பதினாறு டயரைக் கழற்றி எழுநூறு-பதினாறு மாட்டினேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசியது; சக்கரம் அதிகம் திரும்பாமல் தடுக்கிற ஸ்டாப் போல்ட்டை வெளியே திருகி அதையும் சரிசெய்தேன்.

மூன்றாம் நாள் தங்கராசு சாலையைக் கடந்து வந்து, குனிந்து அடியில் பார்த்தான்.

"ஏனுங்ணா, பிரேக் ஹோஸ் பழைய நீளந்தானா? வண்டி தரையில நிக்கறப்ப எட்டும். சேஸிஸ ஜாக்கில தூக்கி, ஆக்ஸில தொங்கவிட்டு ஒருக்கா பாருங்ணா."

"உன்ற பொஸ்தகத்த உன்ற ஷெட்டுல வெச்சுப் படி, தம்பி."

சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய்தான் ஹோஸ்; வண்டி உயர்ந்தால் அதுவும் நீள வேண்டும். அவன் சொன்னது சரியென்று எனக்கு அப்போதே பட்டது. சொன்னது அவன் என்பதால் செய்யவில்லை.

வேலை செய்தவனே முதலில் ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் வழக்கம் அது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது ஜீப்.

"அடேயப்பா, லாரி மேல உக்காந்தாப்புல இருக்குது, மாரப்பா!" என்றார் முதலாளி.

திரும்பி வரும்போது அதே கரையில் இறங்கினேன். முன்சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் தொங்கின. இழுபட்ட ஹோஸ் அறுந்தது. பிரேக் பெடல் அடிப்பலகைவரை போயிற்று. கீழே இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடுங்க, புள்ளைகளா!"

ஜீப்பின் ஹேண்ட்பிரேக்குக்கு ஹோஸ் தேவையில்லை. அது பின்சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்டையே பிடிக்கும். இரண்டு கையாலும் இழுத்தேன். துவைக்கிற கல்லுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் முதலாளி. ஹோஸ் இற்றுப்போயிருந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்தப் பெண்களில் ஒருத்தி பிழிந்த சேலையை நெஞ்சோடு பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கராசு சொன்னானுங்க. நாந்தான் கேக்கலீங்க" என்றேன்.

லாரி இரண்டும் அவனுக்குப் போயின. ஜீப்புக்கு நீள ஹோஸை அவனே கொண்டுவந்து கொடுத்தான். குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அதன்பின் எத்தனையோ ஜீப்புகளைத் தூக்கினேன். என்னளவு தூக்கியவன் இந்தப் பக்கம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஆக்ஸிலைத் தொங்கவிட்டே ஹோஸ் அளந்தேன். கேட்டவர்களிடம் அது என் யோசனை என்றேன். தங்கராசுவின் யோசனை என்று இப்போதுதான் சொல்கிறேன்.

வேலை தெரிந்தவனைப் பார்த்தால் வயிறு எரியும். எரியட்டும். அவன் சொன்னதைச் செய்துவிட்டு எரியட்டும்.