இலாகாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து, முப்பது வருடம் அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கடவுள் பாதி, கவர்மெண்ட் பாதி. எண்பதுகளில் அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் பென்சன்காரருக்குச் செலவில்லை. ஆனால் அறுவைக்கு நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு முறை வலியில் சுருண்டு விழுந்தார், கண்கள் மஞ்சளாகிவிட்டன. இனிக் காத்திருந்தால் ஆபத்து என்று தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அங்கே செலவு இரண்டாயிரம் வெள்ளி.

"காசு கட்டி வைத்தியமோ? அப்ப நான் இவ்வளவு காலம் உழைச்சது என்னத்துக்கு? வைத்தியம் பாக்கிறது அரசாங்கத்தின்ர கடமை, பிள்ளை!" வயிற்றைப் பிடித்துக்கொண்டே வாதாடினார்.

"கடமைதான்பா, யாரு இல்லங்கிறா? அது அந்தக் கல்லுக்குத் தெரியலையே லா!" என்று நானும் கத்தினேன். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், ஃபேக்டரியில் பினாங்குத் தமிழ். கோபம் வந்தால் எனக்கு ஃபேக்டரித் தமிழ்தான் வரும்.

பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எனக்கு வேலை. சம்பளம் நானூறைத் தாண்டாது. ஆனாலும் நீல மேலங்கியும் கேண்டீன் மீ கோரெங்கும் வாய் ஓயாத சிரிப்புமாக என்ன காலம் அது! எங்கள் லைனில் இருபது பெண்கள் கூட்டுப் போட்டிருந்தோம். மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி. யார் முறையோ அவருக்கு மொத்தப் பணமும். அந்த மாத முறை, பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வரும் ஓர் அக்காவுக்கு. எனக்கு விழுந்திருந்ததோ பத்தொன்பதாவது மாதம். கேண்டீனில் நான் அழுததைப் பார்த்து அவராகவே கேட்டார்.

"இதுக்கா அழுவுற? என் முறைய நீ எடுத்துக்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல லா."

"அந்த ஆக்களோட கனக்கப் பழகாதே" என்று அப்பா எனக்கு அடிக்கடி சொல்வதுண்டு. அக்கா போன்றவர்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த சனம், படிப்பில்லாத சனம் என்று அவருக்கு ஓர் எண்ணம். அவர்கள் காசு என்றால் உயிர் போனாலும் வாங்கமாட்டார். அதனால் புளுகினேன். பெரியாஸ்பத்திரியில் இடமில்லாததால் அவருடைய இலாகாவே தனியாருக்குப் பணம் கட்டிவிட்டது என்றேன்.

"நான் சொன்னனான்தானே!" என்றார். அறுவைக்குப் போகிறவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

பிழைத்து வந்தார். மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்த என்னிடம் பெருமையாகச் சொன்னார். "இலாகாவுக்கு நன்றி சொல்லி டைப் அடிச்சுப் போட்டிட்டன். கார்பன் காப்பி ஃபைல்ல இருக்கு."

ஐயய்யோ! அரசாங்கத்துக்கு நன்றிக் கடிதம் எழுத உலகத்தில் என் அப்பனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பதில் வந்த அன்று எனக்குக் காலை ஷிப்ட். வீட்டுக்கு வந்தபோது கடிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது. மிக மரியாதையான மலாயில், தாங்கள் அப்படி எந்தப் பணமும் கட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"ஆர் கட்டினது?"

சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை, கோட் போட்டுக்கொண்டு, என்னோடு ஃபெரி ஏறினார். பாகான் டாலாமில் அன்று நல்ல மழை. அக்கா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே கடித உறையை இரண்டு கையாலும் நீட்டினார். நடுவீட்டில் மூன்று இடத்தில் வாளி வைத்திருந்தார்கள், கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"இது எவ்வளவு காலமா இப்பிடி?"

"அது கெடக்குதுங்கய்யா. இந்த வருஷம் மாத்தலாம்னு இருந்தோம். அடுத்த வருஷம் மாத்திக்கலாம், என்ன இப்போ?" என்று அக்கா சிரித்தார். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அப்பா உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார்.

திரும்பும் ஃபெரியில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அது கவர்மெண்ட் கட்டியிருக்க வேண்டிய காசு, பிள்ளை" என்றார்.

"ஆமாப்பா. ஆனா கட்டுனது அக்காதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அம்மா செத்தபோதுகூட என் முன்னால் அழாத மனிதர், அன்று ஃபெரி கரை சேரும்வரை அழுதார்.