மேகம் இல்லை என்றாள்

என் தோழி ஒருத்தி என்னிடம் வானத்தைப் பற்றிப் பொய் சொன்னாள். கேட்பவர்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருக்கும். இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். வயதைக் குறைத்துச் சொல்வாள், நான் வைக்கும் புளிக்குழம்பைப் பிரமாதம் என்பாள். அதையெல்லாம் நான் பொருட்படுத்தியதே இல்லை. வானத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அடுத்தடுத்த மேசை. பிறகு அவள் கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனாள். அம்பாசமுத்திரத்துக்கு மாறுதலும் வாங்கிக்கொண்டாள். நான் பாளையங்கோட்டையிலேயே இருந்துவிட்டேன். இடையே நாற்பது கிலோமீட்டர் வந்ததும் எங்கள் பேச்சு கூடியதே தவிரக் குறையவில்லை. பேச்சில் பாதி வானம்தான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஆனி மாதத்தில் ஓர் ஆற்றாமை உண்டு. குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் அடிக்கும். நமக்குக் காற்று மட்டும் வரும். மேகம் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலே கிழக்கே போகும், ஒரு சொட்டு விழாது. வேர்க்கவும் செய்யாது, நனையவும் முடியாது. சின்ன வயதில் எனக்கு இதில் பெரிய கோபம். இந்தக் கோபத்திலிருந்துதான் நாங்கள் இருவரும் ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம்.

மலை அவள் வீட்டு மாடிக்கு எதிரேயே இருக்கிறது. ஆனியில் பொதிகை உச்சி மறைந்து மேகம் அடிவாரம் வரை இறங்கினால் அவள் எனக்குப் போன் செய்வாள். நான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்புவேன். முதல் துளி என் மேல் எங்கே விழுகிறதோ அங்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி போகக் கூடாது. அங்கிருந்து நான் போன் செய்ய, அவள் எதிர்ப்பக்கமிருந்து பஸ் பிடித்து வருவாள். அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்து உல்லாசப் பயணம். ஒரு வருஷம் மேலச்செவல் வாய்க்கால் கரை. ஒரு வருஷம் பத்தமடையைத் தாண்டி ஒரு வாழைத்தோப்பு. பிரமாதமான ஒரு வருஷத்தில் நான் மேலப்பாளையம் தாண்டுவதற்குள்ளேயே துளி விழுந்துவிட்டது. சைக்கிள் கடை வாசலில் இரண்டு மணிநேரம் நின்று பேசினோம். துளி விழாமலே அவள் வீடு வரை போய்ச் சேர்ந்த வருஷமும் உண்டு. மழையை நான்தான் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அவள் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

என் கணவர் எங்களை வானிலை ஆபீஸ் என்பார். அவருக்கு மேகமும் ஒன்றுதான், புகையும் ஒன்றுதான். ஆனால் ஆனி பிறந்துவிட்டால் ஸ்கூட்டரில் காற்றும் பெட்ரோலும் இருக்கிறதா என்று தினமும் பார்த்து வைப்பார்.

மற்ற மாதங்களுக்கும் எங்களிடம் இடங்கள் இருந்தன. வெள்ளை வெயில் காயும் சித்திரையில் கிருஷ்ணாபுரம். கல் மண்டபத்துக்குள் போய் முதுகைத் தூணில் சாய்த்தால் எழுந்திருக்கவே மனசு வராது. புரட்டாசிச் சனிக்கிழமையில் நவதிருப்பதி. பெருமாளைப் பார்த்துவிட்டு ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீர் வழிவதைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம். தையில் கூந்தன்குளம், வேலமரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பார்கள். அவள் மகள் சின்னவளாக இருந்தபோது எங்கள் நடுவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து இங்கெல்லாம் வந்திருக்கிறாள். எனக்குப் பிள்ளை கிடையாது. அந்தச் சின்னவள் என்னை அத்தை என்பாள். குளிரில் என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு வருவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் என் கணவர் இறந்துபோனார். கடையிலிருந்து வந்தார், தண்ணீர் கேட்டார், நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் உறவுக்காரப் பெண்கள் என் நெற்றியைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தோழிதான் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, தன் கைப்பையிலிருந்து பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள்.

“வச்சுக்கிடுட்டி. எவ என்ன சொல்லுதான்னு நானும் பாக்கேன்” என்றாள்.

அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இனிமேல் எனக்கு இவள் போதும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

அதன் பிறகு எங்கள் பயணங்கள் தட்டிக்கொண்டே போயின. அந்தப் புரட்டாசியில் கேட்டபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரே மழை, வழியெல்லாம் சகதி என்றாள். தையில் கேட்டபோது, கூந்தன்குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் இல்லை, பறவையும் வரவில்லை என்றாள். எனக்கும் போகத் தெம்பில்லாமல் இருந்ததால் சரி என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னால் அது வானொலிச் செய்தி மாதிரி. நான் சரிபார்த்ததே இல்லை.

போன வருஷம் ஆனியில் நானே அவளுக்குப் போன் செய்தேன். ஒரு வாரமாக அவளிடமிருந்து அழைப்பே இல்லை. எடுத்தவள் அவசரமாகப் பேசினாள்.

“இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு. மலை மேல ஒரு பொட்டு மேகம் இல்ல. எனக்கும் ரெண்டு நாளா காய்ச்சல். நீ வராத, பொறவு பாப்போம்.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலக மொட்டைமாடிக்கு ஏறினேன். மேற்கே கறுத்துக் கிடந்தது. பொதிகை இருந்த இடமே தெரியவில்லை. காற்றில் ஈர மண் வாசம். இந்த மேகம் கல்லிடைக்குறிச்சிக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இங்கேதான் நான் செய்த மடத்தனம். வேறு யாராக இருந்தாலும் இவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. வானத்தைத் தப்பாகச் சொல்லுகிற ஆள் இல்லை அவள்; அப்படியானால் ஜன்னல் வரை எழுந்து போய்ப் பார்க்கக்கூட முடியாமல் கிடக்கிறாள் என்று முடிவு செய்தேன். அவள் கணவருக்குத் திருச்சியில் வேலை. மகள் சென்னையில். தனியாகக் கிடப்பாளே என்று பதறினேன். ஸ்கூட்டர் ஓட்டத் தைரியம் வரவில்லை. ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன்.

வீரவநல்லூரில் ஜன்னல் கம்பியில் முதல் துளி விழுந்தது. அந்த வருஷம்தான் நான் அதற்காக இறங்கவில்லை.

அவள் தெருவுக்குள் திரும்பியதும் நாலைந்து கார்கள் நின்றன. அவள் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். பெண்கள் பழத்தட்டும் பூத்தட்டும் ஏந்தி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அரக்குப் பட்டுச்சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக அவள் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு நிச்சயதார்த்தம்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காய்ச்சல் இல்லை, நன்றாக இருக்கிறாள். அந்த முட்டாள் சந்தோஷத்தோடு இன்னும் நாலு எட்டு முன்னால் வைத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். படியிறங்கி வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்து, பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பட்டு நனையுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

“நீ எதுக்குட்டி வந்த?” என்றாள்.

நான் பையைக் காட்டினேன். உள்ளே ரொட்டி இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு தாழ்ந்த குரலில் படபடவென்று சொன்னாள்.

“மாப்ள வீட்டுக்காரவ சகுனம் பாப்பாவ. முத முதல்ல நடக்கிற காரியம். உனக்குத் தெரியாததா? நீயே புரிஞ்சுக்கிடுவேன்னு நினைச்சேன்.”

எனக்கு அது தெரியாததல்ல. கணவர் போனபின் எத்தனையோ கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது நானாகவே கடைசி வரிசைக்குப் போயிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் எதிரே வருகிற ஆளைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷம் வீட்டுக்குள் நின்று கிளம்பியவள்தான். வராதே என்று அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அதற்குப் பிறகு சரியாகியும் இருப்பேன். அதனால்தான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“வராதன்னு சொல்லிருக்கலாம்லா. மேகம் இல்லைன்னு ஏன் சொன்ன?”

“அதச் சொல்ல எனக்கு வாய் வரல” என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தபடியே போய்விட்டாள்.

சாரலில் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அப்படியொரு நல்ல சாரல் நாலைந்து வருஷமாக விழுந்ததில்லை. எனக்குக் குடையை விரிக்கத் தோன்றவில்லை, ரசிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு புத்தி வேறு வேலையை ஆரம்பித்தது. எங்கள் அலுவலகத்தில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் இருக்கிறாள். கூந்தன்குளத்துக்கு அந்தத் தையில் பறவை வந்ததா என்று அவளிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். என்ன அப்படிக் கேட்டுவிட்டீர்கள், மரம் கொள்ளாமல் வந்தது என்றாள். தன் செல்போனில் இருந்த படங்களையும் காட்டினாள். அவள் அம்மா புரட்டாசியில் நவதிருப்பதி போனவர். வழியில் சகதியா என்றதற்கு, அன்றைக்கு வெயிலில் மணலில் கால் வைக்க முடியவில்லை என்று அம்மா புலம்பியதாகச் சொன்னாள்.

வெள்ளி சனி என்றால் என் தோழி தயங்கியதும், கோயில் என்றால் பேச்சை மாற்றியதும் அதற்குப் பிறகுதான் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு சேர்ந்து வெளியே போக அவள் பயந்திருக்கிறாள். பொட்டு ஒட்டிய அதே கைதான். ஒரு வருஷம் முழுக்க அவள் சொன்ன மழையிலும் வெயிலிலும் நான் குடியிருந்திருக்கிறேன். அதில் எது உண்மை, எது பொய் என்று இப்போது பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் நம்பரை அழித்தேன். அழித்தென்ன, மனப்பாடமாகத்தான் தெரியும்.

ஆடி முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, முகூர்த்தத்துக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும், சாயங்கால வரவேற்புக்கு வந்தால் நிதானமாக இருக்கலாம் என்று ஆரம்பித்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். மகள் உட்காரவில்லை. நேரே என்னிடம் வந்து என் கழுத்திலும் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் நல்லா விட்டுட்டா அத்த? நிச்சயத்தன்னைக்கு உங்களுக்கு எந்திரிக்கவே முடியலைன்னு அம்ம சொன்னாவ. நீங்க இல்லாம எனக்கு என்னமோ போல இருந்துச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். மகளுக்குப் பின்னால் அவள் பத்திரிகைக் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு மாதமாக நான் ராத்திரியும் பகலும் மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. அந்தப் பெண்ணின் கை இன்னும் என் நெற்றியில் இருந்தது.

“விட்டுட்டு மக்கா” என்றேன்.

மகளுக்குப் பின்னால் நின்றவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். பொய் சொன்னவள் அவள். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான். மற்ற எல்லாவற்றையும் ஒருநாள் மன்னித்துவிடுவேனாக இருக்கும். அந்தக் குழந்தையிடம் என்னையும் பொய் சொல்ல வைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.