செத்த சிறுத்தையின் நம்பர்

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது என் நாத்தனாருக்கு. அவள் காட்டிலாகாவில் மிருக டாக்டர். பேய்ப் படம் போட்டால் பாதியிலேயே குறட்டை விடுகிற ரகம். அப்பேர்ப்பட்டவள், அன்றைக்குப் பிறகு வெகுநாள் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினாள்.

அந்தக் காட்டில் சிறுத்தைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டன. தோலுக்காகச் சுட்டே ஒழித்துவிட்டார்கள். மிச்சமிருப்பவற்றையாவது காப்பாற்ற, மயக்க ஊசி போட்டுக் கழுத்தில் சிக்னல் கொடுக்கும் பட்டை ஒன்றை மாட்டுவார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பர். ரிசீவரில் அந்த நம்பரை வைத்து ஆன்டெனாவைத் திருப்பினால், மிருகம் இருக்கிற பக்கம் 'டிக்... டிக்...' சத்தம் கூடும்.

அவள் முதன்முதலில் பட்டை மாட்டியது ஒரு பெண் சிறுத்தைக்கு. ஒரு காது கிழிந்திருக்கும். அதனால் 'மூளி' என்று பெயர். மழைக்காலத் தொடக்கத்தில் யாரோ மூளியைச் சுட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தபோது, தோலுரித்த உடம்பில் பாதியைக் காட்டுப் பன்றிகள் தின்றிருந்தன. பட்டையை அறுத்துப் பக்கத்திலேயே எறிந்திருந்தார்கள். செய்தவன் யாரென்று துப்பே கிடைக்கவில்லை. என் நாத்தனாருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

சில வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம், ஆபீசில் அவள் மட்டும். ஊரைத் தாண்டி மேட்டில் தனியாக நிற்கிற கட்டடம் அது. வெளியே மூடுபனி. வேறொரு சிறுத்தையைத் தேட ரிசீவரைப் போட்டாள். பழக்கதோஷம், விரல் மூளியின் நம்பரை வைத்துவிட்டது.

டிக்... டிக்...

கையை எடுத்துவிட்டாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். அறுபட்ட பட்டை பையில் அப்படியே இருந்தது. பாட்டரியை அவளே கழற்றி வைத்திருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

ஆன்டெனாவைக் காட்டுப் பக்கம் திருப்பினாள். ஒன்றுமில்லை. ஊர்ப் பக்கம் திருப்பினாள்.

டிக்... டிக்... டிக்...

கூடிக்கொண்டே வந்தது. அது மேடேறி வருகிறது.

வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டால் குரைத்துத் தள்ளும் தெருநாய்கள், அன்று மூச்சுக்கூட விடவில்லை. ஜீப் வந்து நின்றது. ஆபீஸ் டிரைவர். சாவி வைக்க வந்திருக்கிறார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் சத்தம் வாசலோடு நிற்கவில்லை. அவரோடு படியேறியது.

"என்ன மேடம், இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

அவர் சாவி மாட்டச் சுவர்ப் பக்கம் நடந்தார். சத்தமும் நடந்தது.

டிக்டிக்டிக்டிக்...

அவர் பார்வை ரிசீவர்மேல் விழுந்தது.

"எந்த நம்பர் மேடம்?"

"மூளியோடதுண்ணே..."

சாவி கீழே விழுந்தது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டுந்தான் தெரியுதுன்னு நெனச்சேன்."

எல்லாவற்றையும் அவரே கக்கினார். வேட்டைக்காரர்களுக்கு ரிசீவரை எடுத்துக் கொடுத்ததும், நம்பரைச் சொன்னதும் அவர்தான். அன்றிலிருந்து நடந்தால் பின்னால் நடக்கிறதாம். படுத்தால் கட்டிலுக்கடியில் மூச்சு விடுகிறதாம்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். தனியா மட்டும் விட்டுடாதீங்க."

அவள்தான் ஜீப்பை ஓட்டினாள். அவர் பக்கத்து சீட்டில். கிளம்பும்போது...

ஜீப்பின் பின்பக்கம் அமுங்கியது.

கனமான எதுவோ ஏறியதுபோல.

கண்ணாடியில் அவள் பார்க்கவில்லை.

ஈர ரோம வாடை. பிடரியில் சூடாக மூச்சு.

ஸ்டேஷன் வாசலில் அவர் இறங்கினார்.

பின்பக்கம் மெல்ல எழும்பியது.

அவர் சொன்ன பெயர்களை வைத்து மொத்தக் கும்பலும் பிடிபட்டது. ஒரு வியாபாரியின் கிடங்கில் மூளியின் தோல் கிடைத்தது. இனி அந்தக் காட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைய எவனுக்கும் துணிச்சல் வராது என்று என் நாத்தனார் சொல்கிறாள்.

பிறகுதான் அந்தப் படம் வந்தது. மூளி செத்துக் கிடந்த ஓடைக்கு மேலே, காட்டிலாகா வைத்த கேமராவில் பதிந்தது. இரண்டு சிறுத்தைக் குட்டிகள். மூளி குட்டி போட்டிருந்ததே அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வயதில் தாயில்லாமல் ஒரு வாரம் தாங்காது என்கிறாள் இவள். இவை கொழுகொழுவென்று இருந்தன.

படத்தை நானும் பார்த்தேன். கொட்டுகிற மழை. திறந்த புல்வெளி. குட்டிகள் ஒட்டிப் படுத்து, கண்ணை மூடி, வெறும் காற்றில் பால் குடிக்கிற மாதிரி வாயை வைத்திருந்தன. எதிரே, ஒரு பெரிய உடம்பின் நீளத்துக்குப் புல் அமுங்கிக் கிடந்தது.

குட்டிகள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.