சுவருக்குள் ஒற்றைச் சப்பாத்து

ஊரில் கல்வீட்டுக்காரர் என்றால் ஒரு மதிப்பு. மொன்றியலில் அப்பா கல்வீடு வாங்கினார் என்றதும் சொந்தக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். புத்தியுள்ளவர்கள் புது வீடு தேட, இவர் லாசாலில் ஆற்றுப் பக்கமாக யாருக்கும் வேண்டாத பழைய பண்ணை வீடொன்றைப் பிடித்திருந்தார். பண்ணை எப்போதோ போய்விட்டது. சுற்றிவர அடுக்குமாடிகள், நடுவில் அந்த வீடு மட்டும் பஸ்ஸைத் தவறவிட்ட கிழவரைப் போல நின்றது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு விவசாயி கட்டியதாம். அக்கம்பக்கத்துப் பழைய பிரெஞ்சு வீடுகளில் கூரை விளிம்பு வெளியே வளைந்து, உருகும் பனித் தண்ணீரைத் தள்ளி விழுத்தும். இவரோ தன் ஊரில் எப்படியோ அப்படியே கூரையைச் சுவரோடு நறுக்கிக் கட்டிவிட்டார். தண்ணீர் முழுவதும் சுவரில். வந்த இடத்தில் நாலு பேரைப் பார்த்துக் கட்டக்கூடாதா என்று அப்பா அந்த மனுசனைத் திட்டுவார். இப்படித் திட்டிய அப்பாதான் தை மாதத்து நல்ல நாள் தவறக்கூடாது என்று, காது விறைக்கும் குளிரில் எங்களைக் குடிபுக வைத்தார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது.

எனக்கு ஆறு வயது. வயலில் பொறுக்கிய கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர் அது. அதன் தடிப்பு முழுவதும் ஜன்னலுக்கு உட்கட்டாக இருந்தது. அதில் ஏறிச் சுருண்டு படுத்தால் வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. பழைய கண்ணாடியில் குமிழ்கள் இருந்தன. அதனூடே பார்த்தால் தெருவும் பஸ்ஸும் தண்ணீருக்கடியில் போவது போல அசைந்தன. அந்த இடம் எனக்கே என்று முடிவு செய்துவிட்டேன்.

மின்னடுப்பு இன்னும் வந்து சேரவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு பெரியவர் குனிந்து நுழையக்கூடிய கணப்பு இருந்தது. அதிலேயே விறகு மூட்டிப் பால் பானையை வைத்தார்கள். புகை மேலே போக மறுத்து வீட்டுக்குள் திரும்பியது. மாமா வீடு கூட்டும் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்துப் புகைபோக்கிக்குள் விட்டுக் குத்தினார். ஒரு கல் பெயர்ந்தது. அதன் பின்னாலிருந்து கரியோடு ஏதோ விழுந்தது. பார்த்தால், சிறுபிள்ளையின் தோல் சப்பாத்து. ஒற்றை.

பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். "இது செய்வினை! பால் பொங்க முதலே சப்பாத்து விழுகுது. இந்த வீடு உங்களுக்கு வேண்டாம், திருப்பிக் குடுங்கோ."

பானையை இறக்கிவிட்டார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. ஜன்னல் போகப்போகிறதே என்று நான் அழத் தொடங்கினேன். அப்பா, எங்களுக்கு வீட்டை விற்ற கிழவருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் சிரித்தாராம். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அது வழக்கமாம். கெட்டது எதுவும் புகைபோக்கி வழியே இறங்காதிருக்கப் பிள்ளைகளின் பழைய சப்பாத்தைச் சுவருக்குள் வைத்துக் கட்டுவார்களாம். நாங்கள் கண்ணூறு படாதிருக்கப் புது வீட்டுக்கு வெருளிப் பொம்மை கட்டுவதில்லையா, அப்படித்தான் என்றார் மாமா.

"வெள்ளைக்காரன் சொன்னா எல்லாம் சரியோ?" என்று பெரியம்மா மறுபடி தொடங்கினார்.

அம்மா குனிந்து சப்பாத்தை எடுத்தார். கூறைச்சேலைத் தலைப்பாலேயே கரியைத் துடைத்தார். அது அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கியது.

"அக்கா, இது நடை பழகின பிள்ளையின்ர சப்பாத்து. இது இருக்கிற வீட்டிலதான் நான் இருப்பன்."

பெரியம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பால் பானையைத் தானே திரும்பவும் நெருப்பில் வைத்தார். புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

மாமாவைத் தவிர எல்லாரும் போன பின் நான் ஜன்னல் உட்கட்டில் படுத்திருந்தேன். பனி மெல்லப் பெய்துகொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் பார்க்கிறேன்: மாமா சுண்ணாம்பு குழைக்கிறார், அம்மா சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்து, அதிலிருந்த குட்டி வெள்ளிக் கால்காப்பு ஒன்றைச் சப்பாத்துக்குள் வைக்கிறார்.

"அம்மா, அது என்ர காப்போ?"

"ஓம் பிள்ளை. நித்திரை கொள்ளுங்கோ."

கல் திரும்ப ஏறியது. அந்த வருடம் முழுவதும், என் காப்புத்தான் வீட்டைக் காக்கிறது என்று பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் பெருமை அடித்தேன். அவர்களைக் கூட்டிவந்து சுவரில் கை வைத்துப் பார்க்கவும் சொன்னேன். கணப்பு எரிந்தால் அந்தச் சுவர் விடியும்வரை சூடாக இருக்கும்.

போன மாரியில் என் மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். அம்மா என் பழைய கால்காப்புகளைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டார். இரண்டு காலிலும். நான் அந்தச் சின்னக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப சுவருக்குள்ள இருக்கிறது?"

"கொக்காவின்ர," என்றார் அம்மா.

நான் பிறக்க முதல் எனக்கு ஓர் அக்கா இருந்தாள். நடை பழகும் வயதில், வன்னியில் இடம்பெயர்ந்து போகிற வழியில் காய்ச்சலில் செத்துப்போனாள். மற்றக் காப்பை அவளுடைய காலிலேயே விட்டு, தெருவோரத்தில் புதைத்துவிட்டு நடந்திருக்கிறார்கள். அந்த இடத்தை அம்மாவால் இனிக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டைக் காக்கத்தான் அம்மா காப்பை வைத்தார் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அம்மா தன் மூத்த பிள்ளையை வீட்டிலேயே குளிராத இடமாகப் பார்த்துப் படுக்க வைத்திருக்கிறார்.