ஐந்து பேர் இருந்த சஹன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கற்பிட்டிக்குப் போகும் வழியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் நடந்தது இது. இன்றைக்கும் தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டைக் கையில் எடுத்தால் முதலில் அந்த ஒரு தாள்தான் நினைவுக்கு வரும்.

நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பிறந்தது வேறு மாவட்டம். நியமனம் கிடைத்து இங்கே வந்து, இங்கேயே கலியாணமும் முடித்து, அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நன்றாகப் படிப்பிப்பேன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்கும் கொஞ்சம் மயக்கம் இருந்தது, மறைப்பானேன்? எவ்வளவு கடினமான பாடத்தையும் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்ற தலைக்கனம்.

அந்த வருடம் என் வகுப்பில் இருபத்தொன்பது மாணவிகள். கடைசி வாங்கில் ஐந்து பேர் எப்போதும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் 'கேம்ப்' பிள்ளைகள். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஓலைக் கொட்டில் போட்டுக் குடியேறிய இடம் அது. கொட்டில்கள் கல்வீடுகளாகி, பள்ளிவாசல் எழும்பி, அந்த இடத்துக்கு ஒரு நல்ல பெயரும் வைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் மட்டும் அது இன்னும் கேம்ப்தான். அங்கேயுள்ள சிறிய பாடசாலையில் சாதாரண தரம் வரைக்கும்தான் வகுப்பு. அதற்கு மேல் படிக்க எங்களிடம் வருவார்கள். அந்த ஐவரில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதிகம் கதைக்காத பிள்ளை. பேனையைக் கையில் எடுத்தால் மட்டும் வகுப்பில் யாரும் அவளுக்குக் கிட்ட நிற்க முடியாது.

நபிகள் பிறந்த மீலாத் மாதத்தில் ஒவ்வொரு வகுப்பும் சேர்ந்து சோறாக்கிச் சாப்பிடுவது எங்கள் பாடசாலை வழக்கம். அரிசி ஒரு வீடு, இறைச்சி ஒரு வீடு என்று பிரித்துக் கொண்டுவருவார்கள். சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டு நிறையச் சோறு, அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லோருடைய விரலும் ஒரே சோற்றில் படுகிறதே என்று சஹனைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவதுண்டு.

அன்றைக்கும் பேசினேன். பிறகு பிள்ளைகளின் பெயர் எழுதிய வரவு இடாப்பைத் திறந்து, வரிசைப்படி ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சண்டை சச்சரவு இல்லாத வழி என்று என் நினைப்பு. "டீச்சர், எங்களோட இரிங்க" என்று முதல் சஹன் பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஏழு பேராக நெருக்கியடித்து, முழங்கால் முழங்காலோடு இடிக்க, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அந்த வருடத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் நாவல் பாடம் தொடங்கியது. ஒரு பெரிய வீட்டின் கதை. ஒன்பது அத்தியாயம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரிலும் ஓர் அத்தியாயம், அவரவர் வாயாலேயே கதை போகும். வீட்டுப் பூனைக்குக்கூட ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் முப்பது வருடமாக வேலை செய்கிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. எல்லா அத்தியாயத்திலும் அவள் வருவாள். கதவைத் திறப்பாள், தேத்தண்ணி வைப்பாள், போய்விடுவாள். அவளை யாரும் ஏசுவதில்லை, அடிப்பதில்லை. பெருநாளைக்குப் புதுச்சீலை கூடக் கொடுப்பார்கள்.

"ஏசினாத்தான் பாகுபாடு எண்டு நினைக்காதீங்க. யாரை எங்க வைக்கிறோம் எண்டதிலயே அது ஈக்கிது. நாவலாசிரியர் அதை வசனத்தில சொல்லல்ல, கட்டமைப்பில சொல்றார்" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். எனக்கே அந்த வசனம் மிகவும் பிடித்துப் போனதால் அந்த வாரம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அப்போதுதான் வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பிள்ளை எழும்பி நின்றாள்.

"டீச்சர், இப்பிடி ஒரு கட்டமைப்பத் தெரியாமலும் கட்டலாமா?"

"தெரியாம எப்பிடிப் புள்ள கட்டுறது? வீடு தானா எழும்புமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். நல்ல பதில் சொன்னேன் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

தவணைப் பரீட்சை முடிந்த மறுநாள் அவளுடைய வாப்பா அவளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். மகளைப் புத்தளம் நகரத்திலுள்ள ஒரு பாடசாலைக்கு மாற்றப் போகிறார்களாம். விடுகைப் பத்திரத்துக்கு வகுப்பாசிரியையான என் கையெழுத்து வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப நிலைமை' என்று எழுதியிருந்தது. அதிபர் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது, எனக்கு அவசரம். "வாசிகசாலைப் புத்தகமெல்லாம் குடுத்தாச்சா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஓம் டீச்சர்" என்று அவள் நாவலை நீட்டினாள். கடதாசி உறை போட்டு, ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருந்தாள். நின்ற நிலையிலேயே, கதவின்மேல் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். வகுப்பின் மிகக் கெட்டிக்காரப் பிள்ளை போகிறாள், ஏன் என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். வினா நான் கொடுத்ததுதான். நாவலாசிரியர் கட்டமைப்பின் மூலம் பாகுபாட்டை எவ்வாறு காட்டுகிறார் என்பதை ஆராய்க. அவளுடைய தாள் வந்தது. முதல் பக்கம் அபாரம். நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றையும் கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு அத்தியாயமும் சாப்பாட்டு மேசையில்தான் முடிகிறது, வேலைக்காரப் பெண் எங்கே சாப்பிடுகிறாள் என்று நாவலில் ஓரிடத்திலும் இல்லை என்று எழுதியிருந்தாள். எத்தனையோ தடவை படித்த நாவல், நான் கவனித்ததே இல்லை.

இரண்டாம் பக்கத்தில், 'இக்கட்டமைப்பு நாவலில் மட்டும் உள்ளதன்று. எமது வகுப்பின் மீலாத் சாப்பாட்டை உதாரணமாகக் கொள்ளலாம்' என்று தொடங்கியது. பிள்ளை பாதை மாறிப் போகிறதே என்று சிவப்புப் பேனையால் ஓரத்தில் 'வினாவுக்கு வெளியே போகவேண்டாம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

'நான்கு சஹன்களில் ஆறு பேர் வீதம் இருந்தனர். கதவடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட ஐந்தாவது சஹனில் நாங்கள் ஐவர். அதில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆசிரியை ஆறு பேர் இருந்த முதலாவது சஹனில் ஏழாவதாக இருந்தார். யாரும் எங்களை ஏசவில்லை.'

பேனையைக் கீழே வைத்தேன். இருக்காது, இந்தப் பிள்ளை ஏதோ மனத்தாங்கலில் எழுதுகிறாள் என்று போனை எடுத்து அன்றைய படங்களைத் தேடினேன். படம் பொய் சொல்லவில்லை. முன்னால் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால், தூரத்தில், கதவு வெளிச்சத்தில் ஐந்து வெள்ளைப் பர்தா. அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரக்கூடிய வெறும் பாய். அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! ஒருவராவது சொல்லவில்லை. சொல்வானேன், நானே பார்க்கவில்லையே. இருபத்தொன்பது பிள்ளைகளும் நானும் சேர்ந்தால் முப்பது. ஐந்து சஹனுக்குச் சரியாக ஆள் இருந்திருக்கிறது.

மனம் உடனே சட்டம் பேசத் தொடங்கியது. நான் என்ன, ஆள் பார்த்தா பிரித்தேன்? இடாப்பு வரிசைப்படிதானே கூப்பிட்டேன்? அதற்கும் விடையின் அடுத்த பந்தியில் பதில் இருந்தது. இடாப்பு அகர வரிசையில் இல்லை. அவளுடைய பெயர் 'அ' வில் தொடங்குகிறது. அவளுடைய இலக்கம் இருபத்தொன்பது. விலாசம் எழுதும் இடத்தில் மற்ற எல்லோருக்கும் ஊர்ப் பெயர் இருக்கிறது, இவர்கள் ஐந்து பேருக்கும் மட்டும் 'கேம்ப்' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்து என்னுடைய எழுத்து.

சேர்ந்த வரிசைப்படி எழுதியிருப்பேன், அவர்கள் பிந்தி வந்திருப்பார்கள் என்று அப்போதும் ஒரு நொண்டிச் சாட்டு வந்தது. கடைசிப் பந்தியைப் படித்ததும் அதுவும் போய்விட்டது. உயர்தரத்துக்குச் சேரும் நாளில் முதல் பஸ்ஸில் வந்து, எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நின்றது அவர்கள் ஐந்து பேரும்தானாம். நான் அவர்களைப் பார்த்து, 'நீங்க கொஞ்சம் பொறுங்க, எங்கட புள்ளைகள முதல்ல எழுதிட்டு வாறன்' என்று அன்பாகத்தான் சொன்னேனாம்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எங்கட புள்ளைகள்! நான் இந்த ஊருக்கு வந்தே பன்னிரண்டு வருடம். அந்தப் பிள்ளை இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுடைய உம்மா கைக்குழந்தையாக இங்கே வந்தவர். மூன்று பேரிலும் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். அப்படியிருக்க எந்த வாயால் எங்கட என்று சொன்னேனோ தெரியாது.

'பாகுபாடு காட்டுபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டமைப்பின் சிறப்பு' என்று விடையை முடித்திருந்தாள். அந்த விடைக்கு முழுப் புள்ளி போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தாளை மூடி வைத்துவிட்டு, விக்கி விக்கி அழுதேன். கணவர் ஓடிவந்து யாராவது மௌத்தாகிவிட்டார்களா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரம்கூட இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பாதையில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். உம்மா பதறிப்போய், இருந்த ஒரே நல்ல கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டார். நீங்களும் இருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"நான் செஞ்சது பெரிய பிழை" என்றேன். விடைத்தாளை மகளிடம் நீட்டினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்பில் நான் எழுதியிருந்ததையும் பார்த்தாள். "நான் உங்களில கோவத்தில எழுதல்ல டீச்சர். நீங்க படிப்பிச்சதத்தான் எழுதினேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப ஏன் புள்ள போறீங்க? இதாலதானே?"

தாளை மடித்து என் கையில் திருப்பித் தந்தாள். "அங்கயும் சஹன் ஈக்கும் டீச்சர். ஆனா எனக்கு எந்த இடம் எண்டு அங்க இன்னும் தெரியாதே. அதான்."

பத்திரத்தைத் திருப்பித் தாருங்கள், அதிபரிடம் நான் பேசுகிறேன், இடாப்பைப் புதிதாக எழுதுகிறேன் என்று வாப்பாவிடம் கெஞ்சினேன். அவர் மிகவும் மரியாதையான மனிதர். "முந்தநாளே புதுப் பள்ளிக்கூடத்தில குடுத்தாச்சு டீச்சர். நீங்க கையெழுத்துப் போட்டதும் நேரா அங்கதான் போனோம்" என்றார். பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்க வந்ததே பெரிய சந்தோஷம்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை சுள்ளென்று பட்டது. நான் காட்டிய அவசரத்தை நினைத்து இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக இடாப்பை அகர வரிசையில் திருப்பி எழுதினேன். விலாசத்தில் அவர்களுடைய ஊர்ப் பெயரை எழுதினேன். அந்த வரிசையில் முதலாவதாக வர வேண்டிய பெயர் மட்டும் அதில் இல்லை. ஏன் இப்போது மாற்றுகிறீர்கள் என்று ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கு அவளுடைய விடையை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவர் தன் இடாப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

அடுத்த மீலாத் வந்தது. அதே வகுப்பு, இப்போது இருபத்தெட்டுப் பேர். சஹன்களைக் கதவடியிலிருந்து தள்ளி நடுவில் வைத்தோம். பெயர்களைத் துண்டுகளில் எழுதி, என் பெயரையும் சேர்த்துக் குலுக்கிப் போட்டு, வந்தபடி உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. என் பக்கத்தில் கடைசி வாங்குப் பிள்ளை ஒருத்தி வந்து உட்கார்ந்து, தயங்காமல் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நான்தான் சோற்றில் கை வைத்துவிட்டு, எதிரே இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் புதிய வகுப்புகளுக்கு அந்த நாவலைத்தான் படிப்பிக்கிறேன், ஆனால் மேசையைத் தட்டுவதில்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது மீலாத்தில் என்னையும் சேர்த்து நாங்கள் இருபத்தொன்பது பேர், எப்படிக் குலுக்கிப் போட்டாலும் ஒரு சஹனில் ஐந்து பேர்தான் வந்திருக்கும், அந்த ஆறாவது இடத்தைக் காலியாக்கியது விடுகைப் பத்திரத்தில் நான் போட்ட கையெழுத்து.